டாக்டர் கேட்ட முதல் கேள்வி

என் முதல் குதிரையை 40 நிமிடம் பார்த்து வாங்கினேன். அதில் முக்கால்வாசி நேரம் பிடரியைத் தடவிக்கொண்டிருந்ததிலேயே போயிருக்கும். மீதி நேரத்தில் ஏறி இரண்டு சுற்று வந்தேன். கொஞ்சம் ட்ராட் என்கிற துள்ளோட்டம், கொஞ்சம் கேண்டர் என்கிற அதைவிட வேகமான ஓட்டம். விற்றவர் உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டினார். அதில் என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் தெரிந்தவன் மாதிரி குனிந்து பார்த்துத் தலையாட்டினேன். காயடித்த ஆண் குதிரை, நல்ல கறுப்பு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அந்தப் பொட்டுக்கே பாதி விலை கொடுத்தேன் என்று நினைக்கிறேன்.

ஒன்பதாம் நாள் அதன் நடை குறுகியது. முள் குத்திவிடுமோ என்று பயந்து அடி வைக்கிற மாதிரி முன்கால்களை எட்டிப் போடாமல் போனது. வட்டமாக ஓடவிட்டால் எந்தக் கால் உள்பக்கம் வருகிறதோ அதில் நொண்டியது. திசையை மாற்றினால் நொண்டும் காலும் மாறியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, இரண்டு முன்கால் குளம்புகளுக்குள்ளும் நேவிகுலர் என்கிற சின்ன எலும்பு கெட்டிருந்தது. ஒன்பது நாளில் வந்ததாக இருக்க வாய்ப்பே இல்லை, பழைய சமாச்சாரம் என்றார்கள்.

அப்படியானால் வாங்கிய அன்று எப்படி அவ்வளவு அழகாக ஓடியது? ஃபினைல்பியூட்டசோன் என்று ஒரு வலி மருந்து இருக்கிறது. குதிரைக்காரர்கள் வாயில் அது வெறும் பியூட். பொடியாகத் தீவனத்தில் கலந்து கொடுத்துவிடலாம். அது கொடுத்திருக்கலாம். அல்லது விற்பதற்கு முன் ஒன்றிரண்டு மாதம் சும்மா நிறுத்தி வைத்திருந்ததில் வலி அடங்கியிருக்கலாம். அன்றைக்கு ரத்தம் எடுத்து வைத்திருந்தால் பதில் தெரிந்திருக்கும். எடுக்கவில்லை. போன் செய்தபோது விற்றவர் சொன்னது ஒரே வாக்கியம்: "என்கிட்ட இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி." அவர் பொய் சொன்னார் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அதுதான் எரிச்சல்.

காசைக் கொடுத்துத் தேளைக் கொட்ட விட்டுக்கொண்ட கதை. அந்தக் கறுப்பனை விற்கவும் மனம் வரவில்லை, ஓட்டவும் முடியவில்லை. லாடத்தை மாற்றி, மருந்து கொடுத்து, புல்வெளியில் விட்டு வைத்திருந்தேன். நொண்டுகிற குதிரையும் ஓடுகிற குதிரை அளவுக்கே சாப்பிடும். வாங்கும் முன் டாக்டரிடம் காட்டச் சொன்னால் "குதிரையே மலிவு, இதற்கு டாக்டர் செலவு வேறயா" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். குதிரையின் விலை ஒரு தடவை கொடுப்பது. தீவனம், லாடம், மருந்து எல்லாம் மலிவுக் குதிரைக்கும் அதே கணக்குத்தான், வருடக்கணக்கில்.

இரண்டு வருடம் கழித்து ஒரு செவலைப் பெண் குதிரையைப் பார்த்தேன். இந்தத் தடவை டாக்டர் இல்லாமல் கைகொடுப்பதில்லை என்று தீர்மானம். விற்பவர் உடனே சொன்னார்: "நம்ம டாக்டர் போன வாரம்தான் பார்த்தார், சர்டிபிகேட் கையில இருக்கு." நல்ல டாக்டராகவே இருக்கலாம். ஆனால் அவருக்கு மாதாமாதம் வேலை கொடுப்பவர் விற்பவர். எனக்காக அந்த உறவைக் கெடுத்துக்கொள்ளும்படி நான் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதனால் அந்த லாயத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, குதிரைகளையே பார்க்கிற ஒருவரைத் தேடினேன். இந்த இரண்டாவது தகுதி முக்கியம். நாயையும் பூனையையும் அருமையாகப் பார்க்கிற மருத்துவர்கள் இருக்கிறார்கள். ட்ராட்டில் ஒரு கால் கொஞ்சம் குறைவாக எட்டிப் போகிறதைக் கண்ணால் பிடிப்பது வேறு பழக்கம், தினமும் குதிரை பார்த்தால்தான் வரும்.

கிடைத்த டாக்டர் ஒரு பெண்மணி. போனில் நான் குதிரையின் நிறம், வயது, உயரம் எல்லாம் ஒப்பித்து முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எதுக்கு வாங்குறீங்க?"

"சும்மா ஓட்டத்தான் டாக்டர்."

"சும்மான்னு ஒரு வேலை குதிரைக்குக் கிடையாதுங்க. யார் ஓட்டுவாங்க, என்ன எடை, வாரத்துல எத்தனை நாள், தாண்டுமா தாண்டாதா, எத்தனை வருஷம் வெச்சிருப்பீங்க, திரும்ப விக்கிற எண்ணம் உண்டா? இதெல்லாம் தெரியாம நான் போய்ப் பார்த்து என்ன சொல்ல?"

என்னிடம் பதில் இல்லை. ஒரு நாள் டைம் கேட்டு, உட்கார்ந்து எழுதினேன். நானும் என் மகளும் ஓட்டுவோம், வாரத்துக்கு நான்கு நாள், மகள் சின்னச் சின்னத் தடைகள் தாண்டக் கற்றுக்கொள்கிறாள், 10 வருடமாவது வைத்திருக்க ஆசை. எழுதி முடித்ததும்தான், ஒரு குதிரையைக் காட்டி நான் எதைக் கேட்க வேண்டும் என்பதே எனக்குப் புரிந்தது. குதிரைக்குப் பாஸ், ஃபெயில் என்று மார்க் போட ஒரு பரிசோதனை இருக்கிறது என்றுதான் அதுவரை எண்ணிக்கொண்டிருந்தேன். டாக்டர் அப்படி எதுவும் தரமாட்டார். நீங்கள் சொன்ன வேலைக்கு இந்த உடம்பு தாங்குமா என்பதைத்தான் சொல்வார். வேலையை நீங்கள் சொல்லாவிட்டால் அவர் எழுதிக் கொடுப்பது உடல்கூறுப் பாடமாகத்தான் இருக்கும்.

போவதற்கு முன் விற்பவரிடம் சில ஏற்பாடுகள் கேட்கச் சொன்னார். முதல் நாள் இரவு குதிரை லாயத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், காலையில் யாரும் அதை ஓட்டியிருக்கக் கூடாது. உடம்பு சூடேறினால் விறைப்பு மறைந்துவிடும். ஓடவிடக் கெட்டியான சமதளம் ஒன்று, வட்டம் போட மணல் மாதிரி மெத்தென்ற இடம் ஒன்று, கண் பார்க்க இருட்டான ஓர் அறை, ஏறி ஓட்ட ஓர் ஆள். கூடவே கேள்விகள், அதுவும் எழுத்தில்: வயிற்றுவலி வந்து அறுவை நடந்திருக்கிறதா, நொண்டி ஓய்வில் இருந்ததா, மூட்டில் ஊசி போட்டதுண்டா, இப்போது என்ன மருந்து ஓடுகிறது? பழைய டாக்டரின் குறிப்புகளைப் பார்க்க விற்பவரின் சம்மதம் வேண்டும், அதையும் கேளுங்கள் என்றார். சம்மதம் தர மறுப்பவரிடம் ஏதோ இருக்கிறது என்று முடிவுகட்டத் தேவையில்லை. ஆனால் எழுத்தில் கேட்டால் பதில்கள் நிதானமாக வரும் என்பது அனுபவம்.

முன்பணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொடுத்தேன். ஆனால் பரிசோதனை திருப்தியாக இல்லை என்றால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான். அந்த இரண்டு வரி எவ்வளவு உதவியது என்பது பின்னால் வரும்.

அன்றைக்குக் காலை ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் ஒன்றுமே செய்யாமல் லாயத்துக் கதவுக்கு வெளியே நின்றார். எனக்கு உள்ளுக்குள் கணக்கு ஓடியது, இந்த ஐந்து நிமிடத்துக்கும் சேர்த்துத்தானே காசு என்று. பிறகு சொன்னார்: ராத்திரி வைத்த தீவனம் காலி, சாணம் சரியாக இருக்கிறது, கதவு விளிம்பில் பல் பதிந்த தேய்மானம் இல்லை. மரத்தைக் கடித்துக் காற்றை உள்ளிழுக்கிற பழக்கம், நின்ற இடத்திலேயே இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடுகிற பழக்கம், இதெல்லாம் ஆள் பக்கத்தில் போனால் சில குதிரைகள் நிறுத்திவிடும். தூரத்தில் நின்றால்தான் தெரியும். நிற்கும்போது ஒரு காலை மட்டும் அடிக்கடி ஓய்வுக்கு வைக்கிறதா என்பதும்.

அப்புறம் கழுத்தின் இடப்பக்கம் பிடரிக்குக் கீழே ஸ்கேனரை ஓட்டி மைக்ரோசிப் எண்ணைப் படித்து, கையிலிருந்த தாளோடு ஒப்பிட்டார். தாளில் உள்ள குதிரையும் கண் முன்னால் நிற்கிற குதிரையும் ஒன்றுதானா என்று பார்ப்பது சின்ன வேலை மாதிரி தெரியும். மற்ற எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது.

பிறகு ஸ்டெதஸ்கோப். ஓய்வில் இருக்கிற வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இதயம் துடிக்கும். மனிதரோடு பார்த்தால் மெதுவான தாளம். முழங்கைக்குப் பின்னால் வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு என் காதில் மாட்டினார். லப்-டப். லப்-டப். லப்-டப். அப்புறம் ஒன்றுமே இல்லை. ஒரு துடிப்புக்கு இடம் விட்டுவிட்டு மறுபடி லப்-டப். எனக்கு வயிற்றைக் கலக்கியது. முடிந்தது, பெட்டியைக் கட்டலாம் என்றே நினைத்தேன். டாக்டர் சிரித்தார். "நல்லாப் பழகின குதிரைக்கு ஓய்வுல இப்படி ஒரு துடிப்பு விட்டுப் போறது சகஜம். ஓடினதும் போயிடுச்சுன்னா கவலை இல்ல. ஓடும்போதும் விட்டு விட்டு அடிச்சா அப்ப பேசலாம்." குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். நான் மட்டும் அடுத்த ஒரு மணி நேரம் அந்த வெற்றிடத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பல் பார்த்தபோது இந்தத் தடவை நானும் பக்கத்தில் போய்க் குனிந்தேன். தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். விலைக்கு வருகிற குதிரைக்கு அந்தத் தயவு தேவையில்லை. மேல்வரிசை முன்பற்களில் ஓரத்தில் இருக்கிற கடைசிப் பல்லின் வெளிப்புறத்தில் ஒரு கோடு விழும். 10 வயதுவாக்கில் ஈறை ஒட்டி ஆரம்பிக்கும், 15 வயதில் பல்லின் பாதிக்கு இறங்கியிருக்கும், 20ல் நுனியைத் தொடும். இது தோராயக் கணக்குத்தான், குதிரைக்குக் குதிரை முன்பின் இருக்கும், பல்லை வைத்து வயதைச் சத்தியம் செய்ய முடியாது என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் தாளில் 9 என்று இருந்தது. பல்லில் கோடு பாதியைத் தாண்டி இறங்கியிருந்தது. மற்றப் பற்கள் முன்னால் சாய்ந்திருந்த கோணமும், கடிக்கும் பரப்பின் வடிவமும் அதற்குத்தான் ஒத்துப்போயின. விற்பவர், "நான் வாங்கும்போது அப்படித்தாங்க சொன்னாங்க" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

இருட்டறையில் விளக்கடித்துக் கண்களைப் பார்த்தார். கண்புரை, பழைய அழற்சி விட்டுப்போன தழும்பு இரண்டும் இல்லை. கண்ணுக்குள் திரும்பத் திரும்ப வருகிற அழற்சி குதிரைகளில் பார்வையே போகக் காரணமாகும். அதன் தடம் சில சமயம் விளக்கடித்தால்தான் தெரியும். தோலில் சார்காய்ட் என்கிற கட்டிகள் உண்டா, முதுகை அழுத்தினால் நெளிகிறதா, எல்லாம் வேகமாக நடந்தது.

கால்களில்தான் நின்றார். முன்கால் முட்டிக்குக் கீழே பின்பக்கம் ஓடும் தசைநாணைக் குதிரை நிற்கும்போது ஒரு தடவை, காலைத் தூக்கி ஒரு தடவை, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மேலிருந்து கீழே உருவினார். ஓரிடத்தில் தடிப்பு இருந்தாலும், சூடு இருந்தாலும், குதிரை வெடுக்கென்று இழுத்தாலும் பழைய காயம். பெரிய இடுக்கி மாதிரி ஒன்றால் குளம்பைச் சுற்றிச் சுற்றி அழுத்திப் பார்த்தார். பிறகு பேனா முனையால் குதிகாலின் தோலை லேசாகக் குத்தினார். குதிரை காலை இழுத்துக்கொண்டது. "இழுக்கணும்" என்றார். குளம்பு வலியை மறைக்க அங்கே போகிற நரம்பையே வெட்டிவிடுகிற அறுவை உண்டு. வெட்டியிருந்தால் பேனா குத்துவது தெரியாது, மேலே சின்னத் தழும்பு இருக்கும். என் கறுப்பனுக்கு வந்த அதே நேவிகுலருக்குத்தான் இதைச் செய்வார்கள். யாராவது எனக்கு இதை இரண்டு வருடத்துக்கு முன்னால் காட்டியிருக்கக் கூடாதா என்றிருந்தது.

அப்புறம் கெட்டித் தரையில் நேராக நடை, ட்ராட். லாயத்துப் பையன் கயிற்றைத் தாடைக்குப் பக்கத்தில் இறுக்கிப் பிடித்து ஓடினான். டாக்டர் நிறுத்தி, "கயித்தை விடுப்பா, ரெண்டு முழம் தொங்கட்டும்" என்றார். தலையை இறுக்கிப் பிடித்தால் தலையாட்டம் மறைந்துபோகும். பையன் வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கம். ஆனால் வாங்கப் போகிறவர் தானே பார்க்கும்போதும் இதைக் கவனிக்கலாம், காசு செலவில்லாத வித்தை. முன்காலில் வலி என்றால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல காலில் இறங்கும்போது தலை கீழே வரும். பின்காலில் வலி என்றால் பின்னால் நின்று இடுப்பெலும்பு இரண்டையும் பார்க்க வேண்டும், வலிக்கிற பக்கம் அதிகமாக ஏறி இறங்கும். முதலில் எனக்கு எதுவும் தெரியவில்லை. போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது கொஞ்சம் பிடிபட்டது.

ஒவ்வொரு காலாக மடக்கி ஒரு நிமிடம் பிடித்து, விட்டவுடன் ட்ராட்டில் ஓடவிடுகிற சோதனை அடுத்து. ஓரிரு அடி தடுமாறினால் பொருட்டில்லை, நாம் கூடக் குத்தவைத்து எழுந்தால் அப்படித்தானே. இடது பின்காலுக்கு மட்டும் தடுமாற்றம் ஏழெட்டு அடி நீடித்தது. டாக்டர் எதுவும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். இறுக்கமான திருப்பம், பின்னோக்கி நடத்தல், இவை நரம்பு ஒருங்கிணைப்பைப் பார்க்க. கெட்டித் தரையில் வட்டம், மணலில் வட்டம். கெட்டித் தரை குளம்பு, எலும்பு வலியைத் தூண்டும், மெத்தென்ற மணல் தசைநாண், தசைநார் வலியைத் தூண்டும். ஒன்றில் மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்த மாதிரி.

பிறகு சேணம் கட்டி ஓட்டம். மூச்சு உள்ளே இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். குரல்வளையின் ஒரு பக்கம், பெரும்பாலும் இடப்பக்கம், திறக்காமல் போனால் அப்படிச் சத்தம் வரும். இந்தக் குதிரைக்கு மூச்சு சுத்தம். இறங்கியவுடன் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். எனக்கும் கொடுத்தார். ஒரு துடிப்பு விடாமல், ரயில் மாதிரி. ஒரு மணி நேரம் நான் சுமந்துகொண்டிருந்த பயம் அப்படியே இறங்கியது. அந்த நொடியே குதிரை எனதாகிவிட்டது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

டாக்டர் குதிரையை லாயத்தில் கட்டச் சொல்லிவிட்டு டீ கேட்டார். அரை மணி ஓய்வு, அதன் பிறகு இன்னொரு தடவை ட்ராட். விற்பவர் பொறுமை இழந்துவிட்டார். "அதான் எல்லாம் பார்த்தாச்சே டாக்டர்." உள்ளூர எனக்கும் அதே எண்ணம்தான். பிரிட்டனில் இந்தப் பரிசோதனையை ஐந்து கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: நிற்கும்போது பார்ப்பது, கையில் பிடித்து நடை ஓட்டம், ஏறி ஓட்டுவது, ஓய்வு, கடைசியாக மறுபடி ஓட்டம். முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்கிற சுருக்கமும் உண்டு, இன்னும் ஏறிப் பழக்காத குட்டிக்கு அதுதான் முடியும். பணத்தை மிச்சம் பிடிக்க நான் அந்தச் சுருக்கத்தைத்தான் முதலில் கேட்டிருந்தேன்.

ஓய்வுக்குப் பிறகு செவலை வெளியே வந்தது. நேராக ட்ராட். இந்தத் தடவை வீடியோ தேவைப்படவில்லை. இடது பின்கால் குளம்பின் முனை ஒவ்வோர் அடிக்கும் தரையை உரசி 'சர்க்' என்று ஒரு சத்தம். வலது கால் தூக்கி வைக்கிறது, இடது இழுக்கிறது. வேலை செய்து, குளிர்ந்து, விறைத்த பிறகு வெளியே வந்த வலி. விற்பவர்கூட அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார்.

பின்கால் நடு மூட்டை எக்ஸ்ரே எடுத்தோம். அதற்குள் கீழ்ப்பக்கம் இருக்கிற சின்ன மூட்டுகளில் தேய்மானம். ஆர்வக் கோளாறில் நான் நாலு காலையும், கழுத்தையும், முதுகையும் படம் எடுக்கலாமா என்றேன். டாக்டர் மறுத்தார். நன்றாக ஓடுகிற குதிரையின் படத்திலும் ஏதாவது மாற்றம் இருக்கும். தேவையில்லாமல் எடுத்தால் பயப்படத்தான் படம் கிடைக்கும். அதேபோல் படம் சுத்தமாக இருந்தால் நொண்டாது என்ற உத்தரவாதமும் இல்லை. பந்தயத்துக்கோ பெரிய தாண்டலுக்கோ நிறைய விலை கொடுத்து வாங்குபவர்கள், திரும்ப விற்கும்போது ஒப்பிட்டுக் காட்ட முழுத் தொகுப்பும் எடுத்து வைப்பார்கள், அது வேறு கணக்கு. ரத்தம் மட்டும் எடுத்து வைத்தோம். வழக்கமாக அதை உடனே சோதிப்பதில்லை. சில மாதம் சேமித்து வைத்து, நடை மாறினால் அப்போது வலி மருந்தும் மயக்க மருந்தும் தேடிப் பார்ப்பார்கள். எடுக்கிறார்கள் என்று தெரிந்தாலே சிலர் பியூட் டப்பாவைத் தொடமாட்டார்கள் என்பது என் கணிப்பு.

அறிக்கையில் இடது பின்கால் நொண்டல் '5க்கு 2' என்று இருந்தது. படிக்கிறவர்கள் அளவுகோலைக் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குதிரை மருத்துவர்கள் 0 முதல் 5 வரை போடுவார்கள், பிரிட்டனில் 10 வரை போடுகிற வழக்கம் உண்டு. 5க்கு 2 என்றால் சில நிலைகளில் திரும்பத் திரும்பத் தெரிகிற நொண்டல். 10க்கு 2 என்றால் அதைவிட லேசு. கடைசி வரியில் டாக்டர் எழுதியிருந்தார்: வாரம் நான்கு நாள், தாண்டலோடு, 10 வருடம் என்ற தேவைக்குப் பொருந்தாது.

முன்பணம் திரும்ப வந்தது. சுலபமாக வரவில்லை. "இதுக்கெல்லாம் பார்த்தா நீங்க குதிரையே வாங்க முடியாது, வேற ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க" என்று கொஞ்சம் சூடாகப் பேசினார். இரண்டு வரித் தாளை எடுத்துக் காட்டினேன். அவர் கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். குறையே இல்லாத குதிரை குதிரைக் கொம்புதான். 15 வயது வரை வேலை செய்த எந்த உடம்பிலும் ஏதோ ஒன்று இருக்கும்.

அது மூன்றாவது குதிரையில் எனக்கு உதவியது. 14 வயது, காயடித்த ஆண், வெள்ளை. விற்ற பெண்மணி முதல் போனிலேயே சொல்லிவிட்டார்: பின்கால் மூட்டில் தேய்மானம் உண்டு, எக்ஸ்ரே இருக்கிறது, டாக்டர் பெயர் தருகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இதற்குள் மகள் படிக்கப் போய்விட்டாள், தாண்டல் இல்லை, நான் மட்டும் வாரத்துக்கு மூன்று நாள் சமதளத்தில். அதே டாக்டரைக் கூப்பிட்டு, மாறிய பதில்களைச் சொன்னேன். அதே ஐந்து கட்டம். வாலுக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு கறுப்புக் கட்டி. வெள்ளைக் குதிரைகளுக்கு வயதானால் பெரும்பாலும் வருவதுதான், மெதுவாக வளரும், அளவை எழுதி வைத்துக்கொண்டு கவனியுங்கள் என்றார். மூட்டு, செவலைக்கு இருந்ததைவிட ரொம்பக் குறைவும் இல்லை. ஆனால் ஓய்வுக்குப் பிறகும் நிலைமை மோசமாகவில்லை. இந்த வேலைக்கு இது பொருந்தும் என்று எழுதினார். மூட்டுக்கு அவ்வப்போது சிகிச்சைச் செலவு வரும், காப்பீடு எடுத்தால் அந்தக் காலை ஒதுக்கிவிட்டுத்தான் தருவார்கள் என்றும். அதை வைத்து விலையும் பேசினேன், அந்தப் பெண்மணி குறைத்தார்.

சோதனையில் வராத விஷயங்களும் இருக்கின்றன. குணம் வராது, அதற்கு நாமே மூன்று நாலு தடவை வெவ்வேறு நேரத்தில் போய்ப் பழகத்தான் வேண்டும், ஒரு தடவையாவது சொல்லாமல் கொள்ளாமல். பருவத்துக்கு வருகிற இருமல், எப்போதாவது வருகிற வயிற்றுவலி, அன்று காலையில் தெரியாது. தொற்று நோய்க்கு ரத்தப் பரிசோதனையைத் தனியாகக் கேட்க வேண்டும். குதிரைகளின் தொற்று ரத்தசோகைக்கு, சோதனையை உருவாக்கியவர் பெயரிலேயே காகின்ஸ் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. அந்த நோய்க்கு மருந்து கிடையாது, தப்பிப் பிழைத்த குதிரையும் சாகும்வரை கிருமியைச் சுமக்கும். கிளாண்டர்ஸ் என்கிற இன்னொரு நோய் மனிதருக்கே தொற்றும். நான் வெள்ளையனை இரண்டு சோதனையிலும் தேறிய பிறகுதான் வண்டியில் ஏற்றினேன், அப்போதும் இரண்டு வாரம் கறுப்பனிடமிருந்து தள்ளியே கட்டினேன். கறுப்பனுக்கு அது பிடிக்கவில்லை, ராத்திரியெல்லாம் கனைத்தான்.

வெள்ளையனின் அறிக்கையில் ஒரு வரியை டாக்டர் கையாலேயே சேர்த்திருந்தார்: காலையில் முதல் பத்து அடி பின்னால் விறைப்பாக இருக்கும். இன்று காலை கதவைத் திறந்து வெளியே நடத்தும்போது எண்ணினேன். பன்னிரண்டு. கொஞ்சம் குளிர் ஜாஸ்தி.